கண்மாய் அழியும் நாள்

2024 ஜனவரி 26, வெள்ளிக்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு, மதுரை மாவட்டம் மஞ்சமடை ஊராட்சியில் கிராமசபைக் கூட்டம் நடந்தது. வருகைப் பதிவேட்டில் 143 பேர் கையெழுத்திட்டிருக்கிறார்கள். பதினான்கு தீர்மானங்கள் நிறைவேறின.

பதினோராவது தீர்மானம், மஞ்சமடைக் கண்மாயைப் பாதுகாக்கப்பட்ட ஈரநிலமாக அறிவிக்கும்படி அரசைக் கேட்டுக்கொண்டது. அதற்கான முன்மொழிவை எழுதியவர் பெனடிக்ட். அதே ஊர்க்காரர், மதுரை நகரத்தில் ஒரு மிஷன் பள்ளியில் தமிழாசிரியர். வயது நாற்பத்தாறு. ஒன்பது வருடங்களாக ஞாயிறு பூசை முடிந்ததும் கரையில் நடந்து பறவைகளை எண்ணிக் குறித்து வைத்திருந்தார்.

மதுரையை அடுத்த பரவையிலிருந்து வடமேற்கே பதினோரு கிலோமீட்டரில் இருக்கிறது அந்தக் கண்மாய். மொத்தம் இருநூற்றைம்பது ஏக்கர். சிறுமலை அடிவாரத்திலிருந்து வரும் ஓடை அதன் வடக்கு முனையில் வேகம் குறைந்து, கொண்டுவந்த வண்டலை இறக்கிவிட்டு, ஐந்தாகப் பிரிந்து உள்ளே நுழைகிறது. ஊரில் அந்த இடத்துக்கு ஐந்து விரல் என்று பெயர். விரல்களுக்கு இடையே கோரையும் நாட்டுக் கருவேலமும் நிற்கின்றன. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா, அரிவாள்மூக்கன் என்று முப்பத்தெட்டு ஏக்கருக்குள் கார்த்திகை முதல் பங்குனி வரை கூடு வைக்கும். முன்மொழிவில் பெனடிக்ட் இதைக் கடலைப் பார்க்காத டெல்டா என்று எழுதியிருந்தார்.

தென்கரைக்கு வெளியே ஒரு சரக்குக் கிடங்கு நிறுவனம் அறுபது ஏக்கர் வாங்கிப் போட்டிருந்தது. மதுரைக்குத் தெற்கே கப்பலூர்ப் பக்கம் இடம் போதவில்லை என்று வடக்கே வந்தவர்கள். நெடுஞ்சாலைக்கு அவர்கள் போடவிருந்த குறுக்குவழி கண்மாயின் தென்பாதி வழியாகப் போனது. அறிவிப்பு வந்துவிட்டால் கண்மாய்க்குள் ஒரு கூடை மண் கொட்ட முடியாது. பெனடிக்ட் அதற்காகத்தான் எழுதினார். ஊரும் அதற்காகத்தான் கைதூக்கியது.

பன்னிரண்டாவது தீர்மானத்துக்கு வந்தபோது ஊராட்சிச் செயலர் சரண்யாதேவி பேனாவை நிறுத்தினார்.

“சித்திரையில் மீன்பிடித் திருவிழா நடத்துவதுன்னு போட்டுக்கவா சார்?”

பெனடிக்ட் தலையாட்டுவதற்குள் சின்னச்சாமி எழுந்துவிட்டார். ஆறு ஏக்கர் நெல் விவசாயி. கண்மாயில் மீன்பிடிப்பைத் துண்டு வீசித் தொடங்கிவைக்கும் உரிமை அவர் குடும்பத்துக்கு உண்டு.

“மீனுன்னு எழுதாத தாயி. மீனுன்னு தாள்ல ஏறிட்டா அடுத்த வருசம் குத்தகை விட்டுருவாய்ங்க. அப்பறம் எவனோ லாரியோட வந்து அள்ளிட்டுப் போவான், நாம கரையில நின்னு மோந்து பாக்க வேண்டியதுதான்.”

“பெறகு எப்பிடிண்ணே எழுதுறது?”

“நாம எப்பிடிச் சொல்லுவோம்? கம்மா அழியுதுன்னுதான? அதையே எழுது.”

கூட்டத்தில் எல்லோரும் அது சரி என்றார்கள். பெனடிக்ட்டுக்கும் சரியாகத்தான் பட்டது. வாக்கியத்தை அவரே சொல்ல, சரண்யாதேவி எழுதினார்: மஞ்சமடைக் கண்மாயை வரும் சித்திரையில் வழக்கம்போல் அழிப்பதென ஒருமனதாகத் தீர்மானிக்கப்பட்டது.

கோடையில் தண்ணீர் முழங்காலுக்கு இறங்கியதும் ஒரே ஒரு நாள் கண்மாயை எல்லோருக்கும் திறந்துவிடுவார்கள். எந்த ஊர்க்காரரும், எந்தச் சாதிக்காரரும் இறங்கலாம். விரித்த வலை, கவிழ்த்துப் பிடிக்கும் மூங்கில் ஊத்தா, வெறுங்கை, எதுவானாலும் சரி. பிடித்த மீனை விற்கக்கூடாது. இதைத்தான் அந்தப் பக்கத்தில் கண்மாய் அழிகிறது என்பார்கள். ஐந்து விரலுக்குள் மட்டும் யாரும் கால் வைக்கக்கூடாது. முதல் நாளே வைக்கோல் புரியில் வேப்பிலை செருகி, ஒரு முனையை மேற்கே அந்தோணியார் குருசடியிலும் மறுமுனையைக் கிழக்கே மடைக்கருப்புக் கல்லிலும் கட்டிவிடுவார்கள். குருசடி முனையைக் கட்டுவது பெனடிக்ட் வீட்டார். கயிற்றுக்கு அந்தப்புறம் கிடக்கும் மீன் அடுத்த வருடத்துக்கு விதை, அதுவரை பறவைக்கு.

மே 3ஆம் தேதி அரசுத் துறையிடமிருந்து பதில் வந்தது. தீர்மானம் எண் 12இன்படி மேற்படி நீர்நிலையை அழிக்க ஊராட்சியே ஒருமனதாக முடிவு செய்துள்ளதால், முன்மொழிவு நிறுத்தி வைக்கப்படுகிறது. மே 14 அன்று நேராய்வு செய்யப்படும். அதன் அடிப்படையில் இறுதி முடிவு எடுக்கப்படும்.

டீக்கடையில் கடிதத்தைப் படித்துக் காட்டியபோது சிரிப்பு அடங்கக் கால்மணி நேரம் ஆயிற்று.

“ஏன் மாப்ள, நீ தமிழ் வாத்தியாரு, நீ எழுதுனதே அவுகளுக்குப் புரியலயே. ஒங்கிட்டப் படிக்கிற பிள்ளைக என்ன பாடுபடுதோ” என்றார் சின்னச்சாமி.

பெனடிக்ட்டும் சிரித்தார். சரண்யாதேவி மட்டும் சிரிக்கவில்லை. பெனடிக்ட்டை வெளியே கூப்பிட்டுச் சொன்னார்.

“சார், பிப்ரவரியிலயே ஒருத்தர் வந்து தீர்மான நகல் வாங்கிட்டுப் போனாரு. முறையா மனு எழுதித்தான் கேட்டாரு. பதினாலையும் கேக்கல. பன்னெண்டாவது மட்டும் போதும்னாரு.”

“யாருன்னு கேட்டியாம்மா?”

“பேரு இருக்கு. முகவரி மதுரைதான். ஊர்ல யாருக்கும் அவரத் தெரியல.”

திங்கட்கிழமை இருவரும் நகரத்துக்குப் போனார்கள். துறை அலுவலகத்தில் கண்காணிப்பாளர் பொறுமையானவர். உட்காரச் சொல்லி, கோப்பை எடுத்து, தீர்மானத்தை இரண்டு முறை படித்தார். பேச்சில் கோயம்புத்தூர் இருந்தது.

“அழிக்கிறதுன்னா உங்கூர்ல மீன் புடிக்கறதுங்களா?”

“ஆமா சார்.”

“அப்ப மீன் புடிக்கறதுக்கு என்ன சொல்லுவீங்க?”

பெனடிக்ட் விளக்கினார். குத்தகைப் பயத்தையும் சொன்னார். சொல்லச் சொல்ல அது இன்னும் மோசமாகக் கேட்டது.

“வழக்கம்போல்னு வேற போட்டிருக்கீங்க. வருசா வருசம் அழிச்சுட்டு இருக்கறீங்களாட்ட இருக்குதுங்க.” அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. “நீங்க சொல்றதை நான் நம்பறனுங்க. ஆனா கிராமசபைத் தீர்மானத்தை நான் திருத்த முடியாது, நீங்களும் திருத்த முடியாது. இன்னொரு கிராமசபைதான் திருத்தோணும். தேர்தல் நடத்தை விதி ஜூன் வரைக்கும் இருக்குது. மார்ச் கூட்டமும் இல்லை, மே தினக் கூட்டமும் இல்லை. அடுத்தது ஆகஸ்ட் பதினஞ்சுங்க. எங்க பட்டியல் ஜூன்லயே மேல போயிரும்.”

“அப்ப என்னதான் சார் வழி?”

“நேராய்வுதான் வழி. வர்றவர் கண்ணுக்குக் கண்மாய் கண்மாயா இருந்தா, அதைத்தான் எழுதுவார். தண்ணி இருக்கோணும், பறவை இருக்கோணும். அம்புட்டுதான், உங்கூர்ப் பாசையில.” கோப்பை மூடிக்கொண்டு கேட்டார்: “நீங்க அழிக்கறது எப்பங்க?”

“பன்னெண்டாம் தேதி” என்றார் பெனடிக்ட்.

கண்காணிப்பாளர் நாட்காட்டியைப் பார்த்தார். பதினாலாம் தேதிமேல் விரலை வைத்தார்.

திரும்பும்போது பேருந்தில் சரண்யாதேவி தூங்கிவிட்டார். பெனடிக்ட் தாளில் அந்த வாக்கியத்தை வேறு வேறு மாதிரி எழுதிப் பார்த்துக்கொண்டு வந்தார். வேறு எப்படி எழுதியிருந்தாலும் கண்மாய் தப்பித்திருக்கும். இருபத்திரண்டு வருடம் பிள்ளைகளுக்குச் சொல்லும் பொருளும் நடத்திய தன் வாயிலிருந்துதான் அந்த ஒன்று வந்திருந்தது. தென்கரையில் இறங்கியபோது கரைச்சரிவில் சிவப்பு பூசிய அளவைக் கற்கள் வரிசையாக நடப்பட்டிருந்தன. காலையில் அவை இல்லை.

மறுநாள் மாலை சின்னச்சாமி வீட்டு முற்றத்தில் ஊர் கூடியது.

“மூணு நாள் தள்ளுங்க மாமா. ஆய்வு முடிஞ்ச மறுநாள் வச்சுக்கலாம்” என்றார் பெனடிக்ட்.

“சித்திர தாண்டிக் கம்மா அழிஞ்சதே இல்ல மாப்ள.”

“இந்த ஒரு வருசம்.”

“தண்ணிய வந்து தொட்டுப் பாரு. கஞ்சி மாதிரிக் கெடக்கு. வெயிலு இன்னும் ரெண்டு நாள் அடிச்சா மீனு தானாச் செத்து மெதக்கும். செத்ததத் தின்னா பறவ சாகும். ஒன் ஆபீசரு வரையில பொணத்தத்தான் எண்ணணும்.”

அது உண்மை என்று பெனடிக்ட்டுக்குத் தெரியும். சின்னச்சாமியின் மனைவி செல்லத்தாய் கதவடியிலிருந்து குரல் கொடுத்தார்.

“வாய்க்கால் மடையத் தொறந்து ரெண்டு நாளைக்குத் தண்ணி விடுங்க. கீழ்வயல்ல நட்ட நாத்துக்குப் போறத இங்க திருப்புனா மீனு தாங்கும்.”

“யாரு நாத்து காயுறது?” என்றார் சின்னச்சாமி.

“நம்ம நாத்துத்தான். வேற எவன் கோடையில நட்டுருக்கான் இங்க? பெரிய துண்டு வீசுற குடும்பம்னு மீசைய முறுக்குறீகல்ல, மூணு நாளைக்கு முறுக்கிக்கிட்டே இருங்க.”

சிரிப்பு எழுந்தது. சின்னச்சாமி மீசையைத் தடவிக்கொண்டார். பிறகு, “சரி, பதினஞ்சு” என்றார். அன்று இரவே மடை திருப்பப்பட்டது. அவருடைய ஒன்றரை ஏக்கர் நாற்று நாலாம் நாள் மஞ்சளாயிற்று. கண்மாயில் தண்ணீர் ஒரு சாண் ஏறியது. பன்னிரண்டாம் தேதி ஞாயிறு காலை பெனடிக்ட் எண்ணியபோது ஐந்து விரலிலும் கண்மாய்ப் பரப்பிலுமாக எழுநூற்று அறுபது பறவைகள் இருந்தன. கடைசிக் குஞ்சுகளும் பறக்கத் தொடங்கியிருந்தன. அதற்கு முந்தைய எந்த மே மாதத்திலும் அவர் அவ்வளவு எண்ணியதில்லை.

பதினாலாம் தேதி காலை ஏழு மணிக்கே கரையில் போய் நின்றார். அவரும் சரண்யாதேவியும் பிற்பகல் இரண்டு மணிவரை காத்திருந்தார்கள். நாலரை மணிக்கு போன் வந்தது. பேசியவர் முத்துக்குமரன், ஆய்வு அலுவலர்.

“சாரி சார். வாக்கு எண்ணிக்கைப் பயிற்சிக்கு உக்காத்தி வச்சுட்டாங்க. நாளைக்கும் இருக்கு. வியாழக்கிழமை காலைல வந்துடறேன்.”

“சார், நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வர முடியாதா? பத்து நிமிசம் போதும்.”

“வியாழக்கிழமை கண்டிப்பா சார்.”

பெனடிக்ட் சின்னச்சாமியின் வயலுக்கு ஓடினார். அவர் கேட்டுவிட்டுத் தன் போனை நீட்டினார். மஞ்சமடைக் கண்மாய் புதன் விடியல் அழிகிறது, அனைவரும் வாரீர் என்று படத்தோடு ஒரு செய்தி. பத்து நாள் முன்பு ஞாயிறு என்று போட்டதைத் திருத்தி மறுபடி அனுப்பியது.

“நான் நாலு பேருக்குத்தான் மாப்ள அனுப்புனேன். இப்ப பேரையூர்லருந்து ஒருத்தன் எனக்கே அனுப்புறான். எம்புட்டுப் பேருக்குப் போச்சுன்னு சாமிக்குத்தான் தெரியும்.”

“விடியக்கால மைக்ல சொல்லிப் பாப்போமா?”

“சொல்லிப் பாப்போம்.” அவர் வரப்பில் உட்கார்ந்தார். “துண்டு எங்கையில இருக்கிற வரைக்கும் எறங்க மாட்டாய்ங்க. அது வழக்கம்.”

புதன் விடிந்தபோது கரையில் இரண்டு கிலோமீட்டருக்கு வண்டிகள் நின்றன. வேன், டிராக்டர், ஷேர் ஆட்டோ. ஐயாயிரம் பேர் இருக்கலாம் என்று பின்னால் போலீஸ் குறிப்பில் இருந்தது; ஊர்க்காரர்கள் அதற்கும் மேல் என்கிறார்கள். சின்னச்சாமி மடையின் மேல் ஏறி நின்றார், வெள்ளைத் துண்டைத் தோளிலிருந்து எடுக்கவில்லை. பெனடிக்ட் மைக்கில் பேசினார். அழிப்பு நாளை மறுநாளுக்குத் தள்ளிவைக்கப்பட்டிருக்கிறது, தயவுசெய்து கலைந்து செல்லுங்கள் என்றார். இரண்டாவது முறை சொன்னபோது ஊளைச்சத்தம் எழுந்தது.

“வேன் வாடகைய நீ குடுப்பியா?”

“யோவ் துண்டு, வீசுறியா, இல்ல கட்டிக்கிட்டுக் குளிக்கப் போறியா?”

“மீனப் பூராம் இவிங்களே தின்னு தீக்கப் பாக்குறாய்ங்கடா!”

யார் முதலில் இறங்கியது என்று யாருக்கும் தெரியாது. தெற்கு முனையில் நாலைந்து பேர் சரிந்தார்கள். அதன் பிறகு கரை முழுதும் சரிந்தது. சின்னச்சாமி துண்டைப் பிடித்தபடியே நின்றார். அவருக்குக் கீழே தண்ணீர் கொஞ்ச நேரத்தில் சேறாயிற்று. பறவைகள் ஒன்றாக எழுந்து, ஒரு வட்டம் சுற்றி, வடக்கே நகர்ந்தன. அவை இருந்த உயரத்துக்குச் சற்றுக் கீழே வேறொன்று இரைந்துகொண்டு நின்றது. நாலு இறக்கையுள்ள கேமரா. கண்மாயின் நீளத்துக்கு மெதுவாகப் போய், திரும்பி, மறுபடி போனது. ஊரில் யாரும் அதை வரவழைக்கவில்லை.

ஏழரை மணிக்குக் கூட்டம் வடக்கே ஐந்து விரல் பக்கம் நகரத் தொடங்கியது. வைக்கோல் கயிற்றின் முன்னால் செல்லத்தாயும், பெனடிக்ட்டின் மனைவி ஆன்மேரியும், இன்னும் நாற்பது பெண்களும் முழங்கால் சேற்றில் கைகோத்து நின்றார்கள்.

“ஏண்டா, ஒங்க ஊர்ல கம்மா இல்லையா? இருந்தத எவங்கிட்ட வித்தீக?” என்று செல்லத்தாய் கத்தினார்.

“தள்ளு ஆத்தா. அந்தப்பக்கம் விராலு துள்ளுது பாரு.”

“துள்ளத்தான் செய்யும். அது எங்க கருப்பனுக்கு. தாண்டுறவன் பேரச் சொல்லிட்டுத் தாண்டு, நாளைக்கு ஊர் ஊராச் சொல்லி விடுறேன்.”

“அந்தோணியாருக்கும் பாதி” என்றார் ஆன்மேரி.

யாரோ சிரித்தார்கள். முன்னால் நின்ற இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பின்னாலிருந்து தள்ளினார்கள்; ஓரிடத்தில் புரி அறுந்தது. ஆன்மேரி அறுந்த இரண்டு முனைகளையும் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். ஒன்பது மணிக்கு வெயில் ஏறியதும் கூட்டம் கலைந்தது. கயிற்றுக்கு அப்பால் ஒரு கால் தடமும் விழவில்லை.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முத்துக்குமரன் வந்தார். முப்பது வயதுக்குள் இருக்கும். ஜீப்பிலிருந்து இறங்கியதும் மூக்கைப் பொத்தினார். முழங்கால் அளவு நின்ற தண்ணீர் அத்தனை பேர் மிதித்ததில், தென்கரையிலிருந்து பார்த்த இடமெல்லாம் சேறாகியிருந்தது. ஒற்றைச் செருப்புகள், தண்ணீர் பாக்கெட்டுகள், உடைந்த ஊத்தா, டிராக்டர் இறங்கிய தடம். ஓரிரு குழிகளில் மட்டும் தண்ணீர் இருந்தது. காகங்கள் இருந்தன.

“தண்ணி எங்க சார்?”

“நேத்து வரைக்கும் இருந்துச்சு” என்றார் பெனடிக்ட். கையிலிருந்த ஒன்பது வருடக் குறிப்பேடுகளைக் கொடுத்தார். அவர் வாங்கிப் புரட்டினார், மரியாதையாகத்தான். பிறகு தன் டேப்லெட்டைத் திருப்பிக் காட்டினார். மேலிருந்து எடுத்த படங்கள். கறுப்புச் சேற்றில் எறும்பு மொய்த்ததுபோல் ஆட்கள். கடைசிப் படத்தில் ஓரமாகத் தீர்மானத்தின் நகலும் இருந்தது.

“நேத்து மத்தியானமே மெயிலுக்கு வந்துடுச்சு. உங்க ஊர் ஆளுங்கதான் அனுப்புனாங்கன்னு நெனச்சேன்.”

“இல்ல சார்.”

“ஐந்து விரல்னு எழுதியிருந்தீங்களே, அது எங்க?”

இருவரும் ஒன்றரைக் கிலோமீட்டர் நடந்தார்கள். ஆன்மேரி முடிச்சுப் போட்டு வைத்திருந்த இடத்தில் கயிற்றைத் தாண்டினார்கள். ஐந்து விரல்களிலும் தண்ணீர் நின்றது. கருவேல மரங்கள் பறவைகளால் வெள்ளையாக இருந்தன. முத்துக்குமரன் நாற்பது நிமிடம் நின்று எண்ணினார். இருநூற்றுப் பதினாலு.

“நான் திருத்துறைப்பூண்டி சார். டெல்டான்னு நீங்க எழுதினதைப் படிச்சப்ப சிரிச்சேன். இப்ப சிரிக்கல.” டேப்லெட்டில் ஏதோ தட்டினார். “இதைக் கண்டிப்பா எழுதுவேன்.”

“கண்மாய் சார்? இது கண்மாயோட ஒரு மூலை. அங்க தண்ணி நின்னாத்தான் இங்க நிக்கும். அங்க மேடாயிட்டா ஓடை இந்தப் பக்கமே வராது. நவம்பர்ல வந்து பாருங்க, மொத்தமும் ஒரே தண்ணியா இருக்கும்.”

“புரியுது சார்.”

“அப்ப மொத்தத்தையும் எழுதுங்க.”

முத்துக்குமரன் திரும்பித் தெற்கே பார்த்தார். அவர் முகத்தில் சங்கடம் தெரிந்தது.

“நான் பாத்ததைத்தான் சார் எழுத முடியும். இங்க இருக்கு, எழுதறேன். அங்க இல்ல. இருக்குன்னு எழுதினா, அந்தப் படத்தை வச்சு என்னைக் கேப்பாங்க. கையெழுத்துப் போட்ட தீர்மானம் வேற இருக்கு.”

போகும்போது குறிப்பேடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, அவற்றின் நகலை அனுப்பச் சொன்னார். பெனடிக்ட் அன்றே 412 பக்கங்களைப் படியெடுத்து அனுப்பினார். ஒப்புகை வந்தது.

ஆகஸ்ட் 15 கிராமசபையில் 161 பேர் கலந்துகொண்டார்கள். முந்தைய தீர்மானம் எண் 12இல் அழிப்பது என்ற சொல் மீன்பிடித்தலையே குறிக்கும் என்று விளக்கத் தீர்மானம் நிறைவேறியது. வாக்கியத்தை இந்த முறை சரண்யாதேவி எழுதினார். பெனடிக்ட் பின்வரிசையில் நின்றார். அது துறைக்கு அனுப்பப்பட்டு, கோப்பில் சேர்க்கப்பட்டது.

அக்டோபர் 9 அன்று பட்டியல் வெளியானது. மஞ்சமடை, ஐந்து விரல் பகுதி, முப்பத்தெட்டு ஏக்கர், பாதுகாக்கப்பட்ட ஈரநிலம் என்று அதில் இருந்தது. மீதி இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர், பயன்பாட்டில் இல்லாத நீர்நிலை என்று வகைப்படுத்தப்பட்டு, பட்டியலுக்கு வெளியே விடப்பட்டது.